ஷம்போர் கோட்டையில் என்னைக் காட்டிய திங்கட்கிழமை

அந்தப் பயணத்தின் வழியைப் போட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவினருக்குள் இன்று அது "தங்கச்சியைச் சந்தோசப்படுத்த அண்ணன்காரன் கூட்டிக்கொண்டு போன பயணம்" என்றுதான் பேசப்படுகிறது. அந்தச் சந்தோசத்தை நான் படுத்திய பாடும் கூடவே பேசப்படுகிறது.

ரூவான், ஷார்த்ரு, புளுவா, ஷம்போர், அம்புவாஸ். வடக்கிலிருந்து தெற்காக, பழைய பட்டணங்கள் ஐந்து. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிரான்சுக்குப் போய்வந்தோம் என்று சொல்லும் எங்கள் ஆட்கள் பாரிசில் ஒரு சொந்தக்காரரின் வரவேற்பறையில் மூன்று நாள் இருந்து, புட்டும் கறியும் சாப்பிட்டு, தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் அப்படிப் போக விரும்பவில்லை. கட்டமைப்புப் பொறியியல் படித்து, கட்டடங்களின் உருக்குச் சட்டங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கும் அலுவலகமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். படிக்கும் காலத்தில் கல்லூரி நூலகத்துப் புத்தகமொன்றில் ஷம்போர் கோட்டையின் படிக்கட்டைப் பார்த்திருந்தேன். இரண்டு சுழல் படிகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு மேலே ஏறும். ஒன்றில் ஏறுபவரும் மற்றதில் ஏறுபவரும் நடுவிலுள்ள சாளரங்களூடாக ஒருவரையொருவர் பார்க்கலாம். ஆனால் உச்சிக்குப் போகும்வரை எதிர்ப்பட மாட்டார்கள். நடுத்தூணின் உட்பக்கம் வெறும் வெளி. அத்தனை கல்லும் எதில் நிற்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மேல் எனக்கு எந்தப் பெரிய ஆசையும் அப்போது இருக்கவில்லை.

அண்ணனிடம் கேட்டபோது மறுப்பான் என்றே நினைத்தேன். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவன். எண்பதுகளில் லண்டனுக்கு அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து, என்னையும் கூப்பிட்டுப் படிக்க வைத்து, பிறகு கிங்ஸ்பரியில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை போட்டவன். கடையை ஒரு நாள் பூட்டுவதென்றாலும் அவனுக்கு முகம் கறுத்துவிடும். அப்பா இல்லை. அம்மா கொழும்பில். எனக்கு எல்லாமே அவன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் சொன்னதில்லை.

"ஓம், போவம்," என்றான். அவ்வளவு சுலபமாக.

ஒரேயொரு மாற்றம் கேட்டான். நான் ஷம்போரை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருந்தேன். அதைத் திங்களாக்கச் சொன்னான்.

"ஏன் அண்ணை திங்கள்?"

"ஞாயிறு சனமா இருக்கும். நீ ஆறுதலாப் பாக்கவேணும் எல்லோ."

நியாயமான காரணம். அதை ஏற்றுக்கொண்டு மற்ற நாட்களையும் ஒன்றொன்றாகத் தள்ளிப்போட்டேன். பிரான்சில் பல உணவகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை என்பதோ, அங்கே சமையலறைகளில் நிற்கும் எங்கள் பையன்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே பகல் அதுதான் என்பதோ எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவேண்டும்? நான் கல்லைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

சின்னம்மாவும் வருகிறா என்று பிறகு சொன்னான். அம்மாவின் தங்கை, வெம்பிளியில் இருந்தா. கோட்டை, தேவாலயம் எதிலும் ஆர்வமில்லாதவ. அண்ணனின் கடை வானின் பின்பக்கத்தில் அவ ஏற்றிய சாமான்களை இப்போதும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்: சிறிய காஸ் அடுப்பு, புட்டுக்குழல், வறுத்த மா, ஒரு பெரிய போத்தல் மிளகாய்த்தூள், கத்தரிக்காய்ப் பொரியல், பிளாஸ்கு இரண்டு, பாய் ஒன்று. மூன்று பேருக்கு அதிகம் என்று சொன்னேன்.

"வழி தெருவில ஆரையும் காணுவம் பிள்ளை," என்றா சின்னம்மா. "வெறுங்கையோட நிக்க ஏலுமே?"

கப்பலில் கடந்து, வலது பக்கமாக ஓடும் தெருவில் அண்ணன் வானை இறக்கியதும் சின்னம்மா கனகதுர்க்கை அம்மனைக் கூப்பிடத் தொடங்கினா. ஒவ்வொரு வட்டச்சந்தியிலும் கூப்பிட்டா. நான் முன்னிருக்கையில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு இருந்தேன். கோதுமை வயல்கள், ஒரு தேவாலயக் கோபுரம், மறுபடி வயல்கள். அந்த இரண்டு நாட்களும் நன்றாகவே இருந்தன. அதை மறைக்கப் போவதில்லை. அவை நன்றாக இருந்ததுதான் இன்றுவரை எனக்கு ஆறாதது.

ரூவானில் மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. எந்த மரம் எதைத் தாங்குகிறது என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். "உதுகளை ஏன் இன்னும் இடிக்காமல் வச்சிருக்கினம்?" என்று சின்னம்மா கேட்டா. "எங்கட கவுன்சில் எண்டால் எப்பவோ நோட்டீஸ் ஒட்டியிருக்கும்." அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல காலம்.

ஷார்த்ருவில் சின்னம்மா செருப்பைத் தேவாலய வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனா. நான் தடுக்கவில்லை. நீலக் கண்ணாடி வெளிச்சத்தில், குளிர்ந்த கல்லில், இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றா. வெளியே வந்தபோது காவலாளி ஒருவர் அந்தச் செருப்புச் சோடியை இரண்டு விரலால் உடம்புக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன வேண்டினீங்கள், சின்னம்மா?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்," என்றா. "உங்கள் ரெண்டு பேருக்கும்தான்."

புளுவாவில் அண்ணன் முடி வெட்டிக்கொண்டு வந்தான். விலை கூடிய பிரெஞ்சுக் கடை. லண்டனில் வீட்டுக் குளியலறையில் கண்ணாடியைப் பார்த்துத் தானே வெட்டுகிறவன். "என்ன அண்ணை, மாப்பிள்ளை மாதிரி?" என்று பகிடி விட்டேன். காது வரை சிவந்துபோய், வான் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினான். சாவி கையிலேயே இருந்தது.

திங்கள் காலை விடுதி அறையில் சின்னம்மா தன் பையிலிருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்தா. மெல்லிய பச்சை, குங்குமக் கரை.

"இதை உடு பிள்ளை."

"படி ஏறப்போறன் சின்னம்மா. ஜீன்ஸ்தான் வசதி."

"ராசா இருந்த மாளிகை. மரியாதை ஒண்டு இருக்கு."

"ராசா செத்து நானூறு வருசத்துக்கு மேல."

"அவர் செத்தால் என்ன, போற வாற சனம் சாகேல்லையே!"

கடைசியில் சல்வாருக்கு இணங்கினேன். அண்ணன் வாசலில் அயர்ன் செய்த சட்டையோடு நின்றுகொண்டு, "நேரம் போகுது," என்றான். நுழைவுச்சீட்டில் நேரம் எதுவும் இல்லை. அதற்குள் எனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். விளங்கவில்லை. வீட்டிலிருப்பவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து எனக்குப் பழக்கமில்லை. பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஷம்போர் ஒரு காட்டின் நடுவில், எதிர்பாராத இடத்தில், வெள்ளையாக எழுந்து நிற்கிறது. புகைபோக்கிகள் ஒரு சிறிய ஊரே கூரையில் குடியேறியதைப்போல் இருக்கும். வானை நிறுத்திவிட்டு நுழைவாயிலுக்கு நடந்தோம். அங்கே, சீட்டு வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில், மூன்று தமிழர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட வயதானவர் ஒருவர். முப்பது தாண்டிய ஒரு ஆண். நீலச் சேலை உடுத்த ஒரு பெண்.

"அட, தமிழாக்கள் போலக் கிடக்கு!" என்றா சின்னம்மா. நாடகத்தில் நடிப்பவர்கள்கூட அதைவிடக் குறைந்த சத்தத்தில் சொல்வார்கள்.

"நீங்கள் லண்டனோ?" என்றார் கோட்டுப் போட்டவர். பிரித்தானிய இலக்கத்தகடு கொண்ட எங்கள் வான் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பெண்ணை வீட்டில் வைத்துக் காட்டுவதற்கு முன் கோயிலில் வைத்துக் காட்டுவார்கள். யாரும் எதையும் சொல்வதில்லை. இவர்கள் கும்பிட வருவார்கள், அவர்கள் கும்பிட வருவார்கள், வீதி சுற்றும்போது "தற்செயலாக" எதிர்ப்படுவார்கள். பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் அவமானமில்லை; சாமி கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். பெண்ணுக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். லுவார் நதிக்கரையில் எங்களுக்குக் கோயில் இல்லை. ஆகவே ஐந்து ஊர்களின் பட்டியலைப் பார்த்து, எனக்குப் பார்த்திருந்த பையன் வேலை செய்யும் தூர் நகரத்திலிருந்து ஒரு பகலில் வந்துபோகக்கூடிய என் கோட்டையைத் தெரிவு செய்திருந்தார்கள். அந்தப் பட்டியலை அவர்களுக்குக் கொடுத்தவள் நான்.

உள்ளே போனோம். படிக்கட்டு மண்டபத்தின் நடுவில் நின்றது. மூன்று வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட அந்தக் கல் இரண்டு அடி தூரத்தில் இருந்தது. வயதானவர் கையை நீட்டி, "நாங்கள் உந்தப் பக்கத்தால ஏறுறம், நீங்கள் இந்தப் பக்கத்தால ஏறுங்கோ, மேல சந்திப்பம்," என்றார். ஏற்கெனவே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார் போல.

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினா. முழங்கால் வலி. "உவ்வளவு காசு செலவழிச்சுக் கட்டினவன் ஒரு லிஃப்ட் வச்சிருக்கலாம்." முதல் சுற்றில் சாளரத்தூடாகப் பார்த்தேன். மறுபக்கப் படியில் அந்த மனிதர் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நீலச் சேலை.

"சின்னம்மா, இது என்ன?"

"என்ன, என்ன?"

"என்னைப் பெண் பாக்கக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

மூச்சு வாங்க நின்றா. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா. "எல்லாம் சொல்லத்தான் இருந்தது. முதலே சொன்னால் நீ முகத்தை நீட்டிக்கொண்டு வருவாய். வடிவா இராது."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"அவனுக்குத் தெரியாமலோ? நல்ல கேள்வி. மாத்துச் சம்பந்தம் பிள்ளை. அந்தப் பொடியன் உனக்கு. பொடியன்ர தங்கச்சி, அந்த நீலச் சீலை, அவள் அண்ணைக்கு. ரெண்டும் ஒண்டா நடந்தால்தான் தருவன் எண்டு அந்தக் கோட்டுப் போட்ட மாமா நிக்கிறார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள், அவர் சொன்னதுதான்."

"நடக்காட்டில்?"

"நடக்காட்டில் ரெண்டும் இல்லை." பிறகு குரலைத் தணித்தா. "ஒரு வருசமா அவள்தான் அண்ணையோட போனில கதைக்கிறவள். அவனுக்கு முப்பத்தேழு. தங்கச்சியைக் கரைசேர்க்காமல் தான் மாலை போடமாட்டன் எண்டு இருந்தவன். நீயும் கொஞ்சம் யோசி."

வீட்டு நடையில் நின்றுகொண்டு, தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அவன் தாழ்ந்த குரலில் கதைத்த மாலை நேரங்கள் நினைவுக்கு வந்தன. மொத்த வியாபாரியோடு பேசுகிறான் என்று நினைத்து, நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைப்பேன்.

படியின் மிச்சப் பகுதியை நான் பார்க்கவில்லை. ஏறினேன், அவ்வளவுதான். எத்தனை சுற்று, கல்லை எப்படிக் கொத்திப் பொருத்தியிருந்தார்கள், நடுத்தூண் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எதுவும் மனதில் இல்லை. அதைப்பற்றி இன்று யாராவது கேட்டால் நூலகத்துப் புத்தகத்தில் பார்த்ததைத்தான் சொல்வேன்.

கூரைத் தளத்தில் காற்று அடித்தது. பெரியவர்கள் ஒரு புகைபோக்கியின் மறைவில் நின்று காட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்கள். அண்ணன் அவர்களோடு, தலை குனிந்தபடி. நீலச் சேலைப் பெண் முதலில் என்னிடம் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மாநிறம், நல்ல பெரிய கண், நெற்றியில் ஒரு சிறு தழும்பு.

"உங்கட அண்ணைக்கு இடது தோள் நோ எப்படி? இப்ப சுகமே?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தோள் வலி என்பது எனக்குத் தெரியாது. பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன்.

"சுகம்," என்றேன்.

"கடையில மா மூட்டை தூக்க வேண்டாமெண்டு சொன்னனான். கேக்கிறாரில்லை." சொல்லிவிட்டு வெட்கப்பட்டு விலகிப் போனாள். அவளை வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகு அவளுடைய தமையன் வந்தார். நல்ல சட்டை, கைகளில் அடுப்புச் சூட்டுத் தழும்புகள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் பேச ஆயத்தமாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கள் படிச்ச பிள்ளை. சொன்னால் விளங்கும். நான் இஞ்ச ஒரு பிரெஞ்சுப் பிள்ளையோட ரெண்டு வருசமா ஒரே வீட்டில இருக்கிறன்."

"அப்ப இதுக்கு ஏன் வந்தனீங்கள்?"

"மாமா கூப்பிட்டவர்."

"மாமா கூப்பிட்டால் கலியாணமும் கட்டுவீங்களோ?"

சிரித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "இல்லை. அதுக்குத்தான் கேக்கிறன். நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. பொம்பிளைப்பிள்ளை பிடிக்கேல்லை எண்டால் ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. எல்லாருக்கும் சுகம்."

"எல்லாரெண்டால் ஆர்? உங்கட தங்கச்சியுமோ?"

காட்டுப் பக்கம் திரும்பினார். "அவளுக்கு வேற இடம் பாக்கலாம்."

"நீங்களே மாமாவிட்டச் சொல்லலாமே."

"மனுசன் தாங்கமாட்டார். எங்களை வளத்தவர். நான் வாயைத் திறந்தால் பேந்து அவற்ற முகத்தில முழிக்க ஏலாது."

எனக்கும் வளர்த்த ஒருவன் இருந்தான். இருபதடி தூரத்தில், காற்றுக்குப் பறக்கும் புது முடியைக் கையால் அமத்திக்கொண்டு நின்றான். ஆனால் அவன் முகத்தில் விழிப்பது என் பிரச்சினை என்று அந்த மனிதர் முடிவு செய்திருந்தார். மறுப்பு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. படி ஏறும்போதே அதைத் தயார் பண்ணியிருந்தேன். என் சொந்தச் சாமான் என்று நினைத்திருந்த அந்த ஒன்றையும் இரவல் கேட்க ஒருவர் வந்து நின்றார்.

கீழே இறங்கி, கோட்டைக்கு எதிரே, கால்வாய்க் கரைப் புல்லில் பாயை விரித்தார்கள். ஆறு பேருக்குப் போதுமான புட்டு "தற்செயலாக" எங்களிடம் இருந்தது. அந்த மாமா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "லண்டன் வெள்ளைப் புட்டு நல்ல மிருதுவா வந்திருக்கு," என்று பாராட்டினார். பிறகு என்னிடம், "பிள்ளை, உங்கட வேலை இடம் மாத்திக்கொண்டு வரக்கூடிய வேலையோ, அல்லாட்டி அவர்தான் அங்க வரவேணுமோ?" என்று கேட்டார். சின்னம்மா எனக்குப் பதிலாக, "அவர் வரலாம், அவர் வரலாம்," என்றா. பையனுக்குப் பிரான்சில் விசா சரியில்லை என்பதும், எனக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டுக் கிடைத்துவிட்டது என்பதும் பேச்சுக்கிடையில் ஒரு கறி பரிமாறும் நேரத்தில் வந்துபோயின.

சாப்பிட்டு முடிந்ததும் அண்ணனைக் கால்வாயோரமாக நடக்கக் கூப்பிட்டேன். தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரிந்தது.

நான் அந்த மனிதருக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நடந்ததை உள்ளபடி சொன்னேன். "அண்ணை, அவர் ஒரு பிரெஞ்சுப் பிள்ளையோட இருக்கிறார். ரெண்டு வருசமா. அவரே சொன்னவர்."

அவன் அதிர்ச்சியடைவான், கோபப்படுவான், திரும்பிப் போய் மாமாவின் சட்டையைப் பிடிப்பான். பொறியியலில் ஒரு சுமை வைத்தால் எங்கே வளையும் என்று முன்கூட்டியே தெரியும். என் அண்ணனையும் அப்படித் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"உது தெரியும். மாமா முதலே சொன்னவர். கலியாணம் எண்டு வந்தால் விட்டிடுவானாம்."

"அவர் விடமாட்டார். என்னை வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லிக் கெஞ்சுறார்."

"இப்ப அப்படித்தான் சொல்லுவான். லண்டனுக்கு வந்தானெண்டால் இஞ்சத்தைப் பிரச்சினை இஞ்சயே முடிஞ்சிடும். நானும் யோசிச்சனான்."

நானும் யோசிச்சனான். அதை அவன் மெதுவாக, ஒரு கடமையை முடித்துவிட்டவனின் குரலில் சொன்னான்.

"நாளைக்கு உங்களுக்கு ஒரு மகள் இருந்து, அவளுக்கு உப்பிடி ஒருத்தனைப் பேசினால், நீங்கள் ஓம் எண்டு சொல்லுவீங்களோ?"

சப்பாத்து நுனியால் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் தள்ளினான்.

"அண்ணை, நீங்கள் அவளைக் கட்டுங்கோ. நான் தடையில்லை. நாளைக்கே கட்டுங்கோ."

"மாமா தரமாட்டார். அவர் தந்தாலும், உன்னை வீட்டில வச்சுக்கொண்டு நான் மாலை போட்டால் ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர், அண்ணை? கிங்ஸ்பரியோ?"

நின்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று தண்ணீரைப் பார்த்தேன். "பத்து வருசம்," என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பெற்றோல் நிலையத்து இரவுகளையும், என் படிப்புச் செலவையும், அவன் வாங்காமல் விட்ட குளிர்கால மேலங்கியையும் வரிசையாகச் சொல்லியிருந்தால், வரிசையாகப் பதில் சொல்ல எனக்கும் வழி இருந்திருக்கும். அவன் அதற்கு இடம் தரவில்லை.

"நான் ஓம் எண்டு சொன்னால் உங்களுக்குக் கலியாணம் நடக்கும்," என்றேன். "எனக்குக் கலியாணம் நடக்காது. கடவுச்சீட்டுக்குத்தான் நடக்கும். நான் மாட்டன். எனக்காக மாட்டன். அவருக்காக இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

"சரி," என்றான்.

ஒரு மனிதன் தன் வாழ்க்கையைக் கைவிடும்போது சண்டை பிடிக்காமல் "சரி" என்று மட்டும் சொன்னால், கேட்பவள் என்ன செய்வது? நான் அவனுக்கு முன்னால் பாய்க்குத் திரும்பி நடந்தேன். புட்டுக்குழலைக் கழுவத் தொடங்கினேன்.

அவன் மாமாவிடம் போய்ச் சொன்னதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மாமா கோட்டின் பொத்தானைப் பூட்டினார். அந்தத் தமையன் நல்லபடியாகத் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார், புண்பட்ட மனிதர் போல. நீலச் சேலைப் பெண் பாயிலிருந்த வெறும் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு துணியால் மூடி, என் கையில் தந்துவிட்டுப் போனாள். அவளுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று பிற்பகலே வடக்கே திரும்பினோம். அம்புவாஸ் என்று எதிர்ப்பக்கம் காட்டிய பலகையைக் கடந்தபோது அண்ணன் வேகத்தைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மடியிலிருந்த வரைபடத்தை மடித்து வைத்தேன். சின்னம்மா கப்பல்வரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கப்பலில் தேநீர் வாங்கித் தந்து, "படிப்பு கூடினால் உதுதான்," என்றா. அது அவவின் தீர்ப்பு.

லண்டனில் தீர்ப்பு வேறு விதமாகப் பரவியது. எஞ்சினியர் பெண், சமையலறைப் பையன் என்று மறுத்துவிட்டாளாம். தமையனின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்தாளாம். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண்மணி, பிரசாதத்துக்கு நிற்கையில், "நீர்தானே அந்தப் பிள்ளை?" என்று கேட்டா. எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கதையை இப்படிச் சொன்னவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூரைத் தளத்தில் என்னிடம் கெஞ்சிய அந்த மனிதர் தன் பங்கைக் கச்சிதமாகச் செய்திருந்தார். அண்ணனுக்கு உண்மை தெரியும். எவர் முன்னாலும் அவன் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் தானும் அறிந்தே கூட்டிப் போனதைச் சொல்லவேண்டி வரும்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. அவன் கடைக்குப் போனான், நான் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு நாள்கூட அவன் என்னைக் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் நான் அவனை விட்டுத் தனியாகப் போயிருக்கலாம்.

அடுத்த வருடம் கனடாவிலிருந்து ஒரு கலியாண அழைப்பிதழ் வந்தது. அந்தப் பெண்ணுக்கு டொரன்டோவில் மாப்பிள்ளை. மாமா தன் கைப்படவே அண்ணனின் பெயரை எழுதியிருந்தார். முறை தவறாத மனிதர். அண்ணன் அதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழமை வைத்திருந்தான். பிறகு ஒரு சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, "வெம்பிளிக்குப் போட்டு வருவம். ஒரு சீலை எடுக்கவேணும்," என்றான்.

"ஆருக்கு?"

"அனுப்பவேணும்தானே. கூப்பிட்டிருக்கினம்."

"நான் ஏன் வரவேணும்?"

சப்பாத்துப் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "நீதான் அவளைக் கிட்டத்தில பாத்தனி. என்ன நிறம் எடுக்கும் எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்கு நான் நிமிந்து பாக்கேல்லை."

சேலைக் கடையில் வெள்ளை விரிப்பின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் போட்டார்கள். கடைக்காரர் குஜராத்திக்காரர். எந்தச் சிரமமும் இல்லாத சிரிப்போடு, யாருக்கு, மனைவிக்கா, என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு உறவினருக்கு என்று அண்ணன் சொன்னான். ஒவ்வொரு சேலைக்கும் என் முகத்தைப் பார்த்தான். நான் அவளுடைய நிறத்தை நினைவுபடுத்த முயன்றேன். மாநிறம், பெரிய கண், நெற்றித் தழும்பு. ஊதாவில் பொன் சரிகை போட்ட ஒன்றைக் காட்டி, "இது அவவின்ர நிறத்துக்கு எடுக்கும்," என்றேன்.

அவன் அதன் தலைப்பைக் கையிலெடுத்து, இடது தோள்வரை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பாதியில் கை நின்றுவிட்டது, வலித்திருக்க வேண்டும். கடைக்காரர் மடித்துத் தரட்டுமா என்று கேட்டார். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வெளியே போய்த் தெருவில் நின்றேன்.